விளையும் பயிர் முளையிலே தெரியுமா? கியூபெக் காடுகள் சொல்லும் பதில்

2023 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. மொன்றியலில் அன்றைக்கு இருந்தவர்கள் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள். பகல் முழுக்க வானம் மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். வெளியில் கால் வைத்தால் தொண்டை கரகரக்கும். வீடுகளில் சன்னல் எல்லாம் பூட்டு. உலகத்தின் பெரிய நகரங்களில் மிக மோசமான காற்று அன்றைக்கு எங்கட நகரத்தில்தான் இருந்தது. டெல்லியையும் லாகூரையும் செய்தியில் பார்த்து "பாவம் அந்தச் சனம்" என்று சொல்லிப் பழகிய எங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி.

எரிந்தது எங்கட பக்கத்தில் இல்லை. வடக்கே, சாலை வழியே போனால் ஏறத்தாழ 700 கிலோமீற்றர் தள்ளியிருக்கிற சிபுகமோ போன்ற இடங்களைச் சுற்றியுள்ள காடுகள். வசந்தம் காய்ந்து போயிருந்தது. ஜூன் 1ஆம் திகதி விழுந்த மின்னல்களில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் தீப் பிடித்தது. சில நாட்களில் சிபுகமோ நகரத்தின் 7,000க்கு மேற்பட்ட மக்களும் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். அந்த ஆண்டு முடிவில் கியூபெக் மாகாணத்தில் மட்டும் 40 லட்சம் ஹெக்டேயருக்கு மேல் எரிந்திருந்தது. இலங்கைத் தீவின் பாதிக்கும் மேலான பரப்பு என்று நினைத்துப் பாருங்கோ. காலநிலை மாற்றம் இப்படியான தீ வானிலையின் வாய்ப்பை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டிவிட்டது என்று அந்த ஆண்டு ஓகஸ்ட்டில் ஓர் ஆய்வுக் குழு கணக்குப் போட்டுச் சொன்னது.

புகை போனதும் செய்தியும் போய்விட்டது. எரிந்த இடத்தில் திரும்ப என்ன முளைக்கிறது, முளைக்குமா என்று கேட்கிற ஆக்கள் குறைவு. எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. ஏனென்றால் அதன் பதில் ஒரு மில்லிகிராம் எடையுள்ள ஒரு விதைக்குள் இருக்கிறது.

கியூபெக்கின் வடக்குக் காட்டில் அதிகம் நிற்பது கறுப்பு ஸ்புறூஸ். ஒல்லியாக, உச்சியில் குருவிக் கூடு மாதிரி ஒரு கொத்தோடு நிற்கும் மரம். அந்த உச்சிக் கொத்தில்தான் காய்கள் நெருக்கமாக இருக்கும். காய் முற்றினாலும் ஒரேயடியாக விரியாது. ஆண்டுக்கணக்கில் மூடியும் மூடாமலும் மரத்திலேயே தொங்கும். தீ வந்து மரம் செத்த பிறகு சூட்டில் விரிந்து, அடுத்த சில ஆண்டுகளில் விதையைக் கொட்டும். ஜாக் பைன் இன்னும் பிடிவாதம். அதன் காயைப் பிசின் ஒட்டி வைத்திருக்கும். 50 பாகை செல்சியஸ் அளவு சூடு பட்டால்தான் பிசின் உருகும், காய் திறக்கும். தீயை எதிர்பார்த்தே கட்டின பெட்டகம் அது.

எங்கட வீடுகளுக்குக் கிறிஸ்மஸ் மரமாக வருகிற பால்சம் ஃபெர் மரத்துக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் இல்லை. அதன் காய் இலையுதிர்காலத்தில் மரத்திலேயே உதிர்ந்து சிதறிவிடும். அதற்கு வேறொரு பலம் இருக்கிறது, எடை.

கணக்கைப் பாருங்கோ. ஒரு கிலோ கறுப்பு ஸ்புறூஸ் விதையில் ஏறத்தாழ 8,90,000 விதைகள். வெள்ளை ஸ்புறூஸ் என்றால் 5 லட்சம். ஜாக் பைன் 2,90,000. பால்சம் ஃபெர் 1,30,000. வெள்ளைப் பைன் 58,000. அதாவது கறுப்பு ஸ்புறூஸ் விதை ஒன்று ஒரு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூட, கடுகில் பாதி. வெள்ளைப் பைன் விதை அதைவிடப் பதினைந்து மடங்கு பாரம், கிட்டத்தட்ட ஒரு சின்ன நெல்மணி. மொன்றியல் நகரக் கொடியின் நடுவில் 2017இல் சேர்த்தார்களே ஒரு பைன் மரம், முதற்குடிகளின் அடையாளமாக, அது இந்த வெள்ளைப் பைன்தான்.

இந்த எடை வித்தியாசம் காட்டில் என்ன செய்கிறது? விதை விழுகிற இடம் வெறும் மண் இல்லை. பாசி, உதிர்ந்த ஊசியிலை, பாதி உக்கின குப்பை எல்லாம் சேர்ந்து ஒரு சாண் தடிப்பில் மெத்தை மாதிரிக் கிடக்கும். அது மேலே சீக்கிரம் காய்ந்துவிடும், ஈரம் கீழே. கறுப்பு ஸ்புறூஸ் விதையின் முதல் வேர் அந்த மெத்தையைக் கடந்து ஈரத்தைத் தொடுவதற்குள் கையிருப்புத் தீர்ந்து போகும். பால்சம் ஃபெர் ஏழெட்டு மில்லிகிராம் விதை. அதன் வேர் தடிப்பாக, நீளமாக இறங்கும், குப்பையைத் துளைக்கும். அதனால்தான் பழைய காட்டின் நிழலில் ஃபெர் கன்றுகள் ஆயிரக்கணக்கில் நிற்கும். வெளிச்சம் வருமட்டும் பத்து இருபது ஆண்டு குட்டையாகவே காத்து நிற்கவும் அவைக்குத் தெரியும். வெள்ளை ஸ்புறூஸ் கன்று வேணுமென்றால் உக்கி விழுந்த மரத் தண்டில் தேடிப் பார்க்க வேணும். அந்தத் தண்டு பஞ்சு மாதிரி ஈரம் பிடித்து வைத்திருக்கும், சின்ன விதைக்கு அது தொட்டில்.

தீ வந்தால் கணக்கு தலைகீழ். மெத்தை எரிந்து மண் வெளியே தெரியும். அப்போது சின்ன விதைக்கும் வழி கிடைக்கிறது. ஃபெர் கன்றுகள் எல்லாம் எரிந்து போயிருக்கும், மேலேயும் விதை மிஞ்சி இருக்காது. பெரிய விதை, சின்ன விதை என்பதில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்தத் தரையில், எப்போது என்று கேட்க வேணும்.

சரி, அந்த எடை எதனால் ஆனது? ஊரில் உயர்தரத்தில் உயிரியல் படித்த ஆக்களுக்கு வித்தகவிழையம் என்ற சொல் ஞாபகம் இருக்கும். நெல்லிலும் தேங்காயிலும் முளையத்துக்குச் சாப்பாடாக இருக்கிற பகுதி. அதில் தாயின் பங்கும் தகப்பனின் பங்கும் இருக்கும். ஊசியிலை மரங்களின் கதை வேறு. அவற்றின் விதையில் உள்ள சாப்பாடு முழுக்கத் தாயினுடையது. கருக்கட்டல் நடப்பதற்கு முன்னமே தாய் மரம் தன் ஒற்றைப் பங்கு மரபணுவோடு ஒரு இழையத்தை வளர்க்கத் தொடங்கிவிடும். பாடப்புத்தகத்தில் பெண் புணரித்தாவரம் என்பார்கள். எண்ணெயும் புரதமும் அதில்தான் சேமிப்பு. வெளியில் உள்ள வித்துறையும் தாயினுடையதே. ஆக விதையில் மூன்று பகுதி என்றால் இரண்டு பகுதி தாய், மூன்றாவது பகுதியான முளையத்தில் மட்டும்தான் தகப்பனுக்கு இடம். ஒரு விதை பெரிதா சின்னதா என்பது பெரும்பாலும் தாய் மரத்தைப் பொறுத்தது என்று மர ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தாய் எந்தக் குடும்பம், அந்தக் கோடை எப்படி, காய் மரத்தின் எந்தக் கிளையில் இருந்தது, காயின் நடுப்பகுதி விதையா நுனி விதையா என்பதெல்லாம் சேர்ந்துதான் எடை.

பனை தெரிந்த சனத்துக்கு இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பனங்கொட்டையைப் பாத்தியில் அடுக்கிவிட்டு மூன்று நாலு மாதம் கழித்துத் தோண்டினால் கிழங்கு. அந்தக் கிழங்கின் மாப்பொருள் எங்கேயிருந்து வந்தது? இலையே இல்லை, வெயிலே படவில்லை. கொட்டைக்குள் இருந்த சாப்பாட்டைப் பூரான் உறிஞ்சி, கீழே அனுப்பி, கிழங்காகச் சேர்த்து வைக்கிறது. அதை நாங்கள் அவித்துச் சாப்பிடுகிறோம். வறண்ட மணலில் முதல் இலை வெளிவருவதற்கு முன்னமே பனை இத்தனை கட்டுச்சோறோடு புறப்படுகிறது. ஒரு பனங்கொட்டையின் எடைக்குக் கறுப்பு ஸ்புறூஸ் விதை பல்லாயிரம் வேணும். ஸ்புறூஸ் கன்று கட்டுச்சோறு இல்லாமல் வெளிக்கிட்ட பிள்ளை. சில நாட்களுக்குள் தானே உழைத்துச் சாப்பிட வேணும்.

அதற்கு அது ஒரு வித்தை வைத்திருக்கிறது. பயறு முளைகட்டினால் இருட்டில் வெளிறி மஞ்சளாக நீளும், தெரியும்தானே. பைன், ஸ்புறூஸ் முளைகள் கும்மிருட்டிலும் பச்சையாகவே வரும். வெளிச்சம் இல்லாமலே பச்சையம் செய்யும் வல்லமை அவற்றுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஐந்தாறு வித்திலைகள் ஊசி மாதிரி விரிந்து, விதைக் கோதைத் தலையில் தொப்பி மாதிரித் தூக்கிக்கொண்டு வரும். தொப்பி விழுவதற்குள் இலைகள் வேலைக்குத் தயார். அப்படியும் காட்டில் தானாக முளைத்த வெள்ளை ஸ்புறூஸ் கன்று முதல் கோடை முடிவில் ஒரு அங்குலம் கூட வராது. கறுப்பு ஸ்புறூசும் அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரே இனத்துக்குள், ஒரே காட்டில், பெரிய விதையில் வந்த கன்று பெரிய மரமாகுமா? "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த எங்களுக்கு இதில் சந்தேகமே வராது. கன்றுத் தோட்டக்காரர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். முதல் சில வாரங்களைப் பார்த்தால் பழமொழி சரி. பெரிய விதை, பெரிய வித்திலை, நீளமான வேர், முதல் இரண்டு மூன்று மாதம் முன்னுக்கு நிற்கும். முந்தி முளைத்த விதைக்கும் அதே ஆதாயம், பக்கத்துக் கன்றை நிழலில் விட்டு முன்னேறிவிடும்.

பிறகு அந்த ஆதாயம் தேயத் தொடங்கும். தாய் கொடுத்த எண்ணெய் தீர்ந்ததும் கன்றின் சொந்த மரபணு, அதற்குக் கிடைக்கிற வெளிச்சம், தண்ணீர், வேரோடு கூட்டுச் சேருகிற பூஞ்சை, பக்கத்தில் நிற்கிற செடி எல்லாம் பேசத் தொடங்கும். ஒன்றிரண்டு வளர்ச்சிப் பருவம் போனால் எந்தக் கன்று எந்த எடை விதையில் வந்தது என்று உயரத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். கியூபெக்கிலேயே லவால் பல்கலைக்கழகத்தாரும் மாகாண வன ஆய்வாளர்களும் சேர்ந்து வெள்ளை ஸ்புறூசின் பல குடும்பங்களை எடுத்து, விதையின் அளவும் முளைக்கும் வேகமும் கன்றை எவ்வளவு தீர்மானிக்கின்றன என்று ஆராய்ந்து 2009இல் எழுதினார்கள். இந்தக் கேள்வி இங்கே ஏட்டுக் கேள்வி இல்லை, கோடிக்கணக்கில் கன்று வளர்க்கிற தொழிலின் கேள்வி.

இதில் ஒரு பெரிய ஆபத்தும் இருக்கிறது. விதையைச் சலித்துப் பெரியதை மட்டும் விதைத்தால் கன்றுகள் ஒரே சீராக வரும், பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் விதை அளவு தாய்வழிச் சொத்து என்று பார்த்தோம். சின்ன விதையைக் கொட்டுகிறபோது பலவீனமான விதையைக் கொட்டவில்லை, சின்ன விதை தருகிற தாய்மாரின் முழுக் குடும்பத்தையும் கொட்டுகிறோம். அமெரிக்க வனத்துறையின் ரோய் சைலன் 1979இல் டக்ளஸ் ஃபெர் விதைகளை வைத்து இதை எச்சரித்தார். அந்தக் குடும்பத்தில்தான் வறட்சியைத் தாங்குகிற குணம் இருந்திருக்கலாம், புதிய நோயைத் தாங்குகிற குணம் இருந்திருக்கலாம். சலித்தவருக்கு அது தெரியப் போவதில்லை. கழிக்க வேண்டியது வெறும் விதையை, உள்ளே முளையம் இல்லாத சொத்தியை. எங்கட விவசாயிகள் உப்புத் தண்ணியில் முட்டையை மிதக்கவிட்டு அடர்த்தி பார்த்து, அதில் நெல்லைப் போட்டு மிதக்கிற பதரை அள்ளிக் கொட்டுவார்கள். ஸ்புறூஸ் விதையிலும் ஊறவைத்து, காயவைத்து, நீரில் மிதப்பதைப் பிரிக்கிற முறை இருக்கிறது, சுவீடனில் வளர்ந்த முறை. பதரை அள்ளுவது வேறு, சின்ன நெல்லை அள்ளுவது வேறு.

இந்த இடத்தில் பெற்றோரைக் கொஞ்சம் சீண்டாமல் போக மனமில்லை. மொன்றியலில் ஆறாம் வகுப்புக்கு முன்னமே தனியார் உயர்பள்ளிகளின் நுழைவுத் தேர்வு வந்துவிடும். பதினொரு வயதுப் பிள்ளையைச் சனி ஞாயிறு டியூசனுக்கு ஏற்றி இறக்கி, முடிவு வந்ததும் "இது தேறும், இது தேறாது" என்று வீட்டில் தீர்ப்பு எழுதுகிற ஆக்களை எல்லாருக்கும் தெரியும். கியூபெக்கில் செப்டெம்பர் 30க்குள் ஐந்து வயது நிரம்பினால்தான் பாலர் வகுப்பு. ஒக்டோபரில் பிறந்த பிள்ளையும் அடுத்த செப்டெம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள், இடையில் பதினொரு மாதம். அதை எந்தத் தேர்வுத் தாளும் கேட்காது. ஹொக்கியில் இது 1985இலேயே வெளிவந்த சங்கதி. ரொஜர் பார்ன்ஸ்லி என்ற கனேடிய உளவியலாளரும் கூட்டாளிகளும் பெரிய லீக்குகளின் வீரர் பட்டியலைப் பார்த்தபோது ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். ஜனவரி 1ஆம் திகதி வயதெல்லை, அவ்வளவுதான் காரணம். சின்ன வயதில் கொஞ்சம் பெரிய உடம்பு, அதனால் தெரிவு, அதனால் நல்ல பயிற்சி. காட்டில் தானாகத் தேய்ந்து போகிற முன்னிலையை நாங்கள் தெரிவுக் குழு வைத்து நிலைக்கப் பண்ணுகிறோம். சலித்துவிட்டு, பார், பெரிய விதைதான் மரமானது என்று சொல்கிற மாதிரி.

உவமையை இதற்கு மேல் இழுக்க மாட்டேன். மரம் மரம்தான், பிள்ளை பிள்ளைதான்.

ஆனால் நோர்வேயில் நடந்த ஒன்றைக் கேட்டால் புலம்பெயர்ந்த எவருக்கும் ஒரு கணம் என்னவோ செய்யும். வடக்கே விதை சரியாக முற்றுவதில்லை என்று வடக்கத்தி ஸ்புறூஸ் மரங்களைத் தெற்கே, சூடான இடத்தில் வைத்து விதைத் தோட்டம் போட்டார்கள். தாய் தகப்பன் எல்லாம் வடக்கு. அந்த விதையில் வந்த கன்றுகளோ தெற்கத்தி மரம் மாதிரி நடந்தன. இலையுதிர்காலத்தில் பிந்தி மொட்டுக் கட்டின, முதல் உறைபனியில் அடி வாங்கின. ஓய்ஸ்டெய்ன் யோன்சன், தூரே ஸ்க்ரெப்பா என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். அதே தாய், அதே தகப்பன், ஒரு பகுதி விதை கண்ணாடி வீட்டுச் சூட்டில் முற்றியது, மற்றது வெளியே குளிரில். பிள்ளைகள் வேறுபட்டார்கள். முளையம் உருவாகிற சில வாரங்களில் பட்ட சூடு அதில் பதிந்துவிடுகிறது, ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. டிஎன்ஏ எழுத்து மாறவில்லை, எந்தப் பக்கத்தைத் திறந்து வாசிப்பது என்பது மாறுகிறது. ஆக ஒரு விதையின் குணம் என்பது எடை மட்டும் இல்லை. அது எந்தக் கோடையில் முற்றியது என்பதும் சேர்ந்தது. கோடைகள் மாறிக்கொண்டிருக்கிற காலத்தில் இதை நினைத்து வனக்காரர் கவலைப்பட நியாயம் இருக்கிறது, கொஞ்சம் நம்பிக்கை வைக்கவும் இடம் இருக்கிறது.

திரும்பச் சிபுகமோவுக்கு வருவோம். தீக்குப் பிறகு காடு தானாக வரும் என்பது பெரும்பாலும் உண்மை, ஒரு நிபந்தனையோடு. எரிந்த மரத்தில் போதிய விதை இருந்திருக்க வேணும். கறுப்பு ஸ்புறூஸ் உச்சியில் பெட்டகம் நிரம்ப முப்பது, ஐம்பது ஆண்டு போகும். ஜாக் பைன் பத்து வயதுக்கு முன்பின்னாகவே காய்க்கத் தொடங்கும். இளம் ஸ்புறூஸ் காட்டில் தீ வந்தால், அல்லது பூச்சி காயைத் தின்ற கையோடு தீ வந்தால், கொட்ட ஒன்றும் இருக்காது. லவால் பல்கலைக்கழகத்தின் செர்ஜ் பயெத் இதைப் பல ஆண்டு பின்தொடர்ந்தவர். நெருக்கமான காடு இருந்த இடத்தில் அங்கொன்று இங்கொன்றாக மரமும் இடையில் வெள்ளைப் பாசியும் நிற்கிற வெளியாக மாறிப் போவதை அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். அது திரும்பக் காடாவது அரிது. 2023 தீயில் எரிந்ததில் லட்சக்கணக்கான ஹெக்டேயர் இந்த ஆபத்தில் இருக்கிறது என்பது கியூபெக் ஆய்வாளர்களின் கணிப்பு.

அதோடு இன்னொரு இக்கட்டு. எரிந்த மரத்தை வண்டு துளைப்பதற்கு முன்னம் வெட்டி எடுக்க ஆலைகள் அவசரப்படும். அவைக்கு அது நியாயமான அவசரம். ஆனால் விதை இன்னும் அந்த உச்சியில்தான் இருக்கிறது, கொட்டி முடியவில்லை. மரத்தை ஏற்றினால் விதையும் லொறியில் போகும். வெட்டினால் நட வேணும்.

நடுவது இந்த மாகாணத்துக்குப் புதிதில்லை. மொன்றியலுக்கும் துருவா ரிவியேருக்கும் இடையில் பெர்த்தியே என்ற இடத்தில் 1908இல் கன்றுத் தோட்டம் தொடங்கினார்கள். மாகாணத்தின் வன விதை மையமும் அங்கேதான். நெடுஞ்சாலை 40இல் போகிற எங்களில் பலர் பேர்ப்பலகையைப் பார்த்தும் கவனிக்காமல் கடந்திருப்போம். காய் அங்கே வரும், காய்ந்து விரியும், சிறகு உரசி எடுபடும், பதர் பிரிபடும், முளைப்புச் சோதனை நடக்கும், பிறகு உறைநிலைக்குக் கீழே பல பத்தாண்டுகள் தூங்கும். மாங்கொட்டையையும் பலாக்கொட்டையையும் தேங்காயையும் இப்படிச் செய்ய முடியாது, காய வைத்தால் செத்துவிடும். ஸ்புறூஸ் விதைக்குத் தூங்கத் தெரியும். கியூபெக்கில் ஆண்டுக்கு 13 கோடி அளவில் கன்று நடுகிறார்கள். அதில் அளவு ஏன் முக்கியம் என்பதற்கு இங்கே தனிக் காரணம் உண்டு. 2001இலிருந்து பொதுக் காடுகளில் களைகொல்லி தடை. மருந்து அடிக்க முடியாதென்றால் கன்று களையைவிட உயரமாகத் தொடங்க வேணும். அதனால் ஒரு அடிக்கு மேல் வளர்ந்த கன்றையே பல இடங்களில் நடுகிறார்கள். காட்டில் ஒரு அங்குலம் வருகிற கன்றைத் தோட்டத்தில் இரண்டு பருவத்தில் ஒரு அடியாக்குவது விதை இல்லை, தண்ணீரும் உரமும் கூடாரமும். சென் மொதெஸ்த் தோட்டத்தில் இன்னும் ஒரு படி போய், ஒரு விதையின் முளையத்தை ஆய்வுகூடத்தில் பெருக்கிப் பல கன்றுகளாக்குகிறார்கள். அந்த முளையங்களுக்குத் தாய்ச் சாப்பாடே கிடையாது, சீனி கலந்த ஊட்டக் கூழில் வளருகின்றன. புட்டிப்பால் பிள்ளைகள்.

ஒட்டாவா 2019இல் 200 கோடி மரம் நடுவோம் என்று வாக்குறுதி கொடுத்தது. பத்து ஆண்டுக்கு 320 கோடி டொலர் என்றார்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அந்தத் திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தார்கள். மரத்தின் எண்ணிக்கையைத் தேர்தல் மேடையில் சொல்வது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை, நட்டது பிழைத்ததா என்று ஒருவரும் பிறகு கேட்பதில்லை. ஆனால் நிறுத்துகிற விதமும் பிழை. கன்று கடையில் வாங்குகிற பொருள் இல்லை. வெள்ளை ஸ்புறூஸ் நன்றாகக் காய்க்கிற ஆண்டு சில ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும், அந்த ஆண்டில் ஏணி வைத்து ஆள் ஏற வேணும், அதற்குப் பிறகு இரண்டு ஆண்டு தோட்டம். இன்றைக்கு ஒப்பந்தம் இல்லையென்று தோட்டக்காரர் கூடாரத்தைப் பிரித்தால், அடுத்த பெருந்தீக்குப் பிறகு காசு இருந்தும் கன்று இருக்காது. பார்க் எக்ஸ்டென்சனில் மூன்றாம் மாடியில் மரநிழலும் இல்லாமல் சன்னலைப் பூட்டிக்கொண்டு இருந்த சனத்துக்கு, பிள்ளைக்கு மூச்சு இழுப்பு வந்து இரவிரவாய் விழித்திருந்த தாய்மாருக்கு, இது தூரத்துக் காட்டு விவகாரம் இல்லை. நாங்கள் கோயில் வாகனத் தரிப்பிடத்துக்கும் வரி உயர்வுக்கும் நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடித்துக் கேட்கிற ஆக்கள்தானே, இதையும் ஒரு வரி கேட்கலாம்.

பிள்ளைகளோடு செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. ஓகஸ்ட் கடைசியில் வெள்ளை ஸ்புறூஸ் காய் பழுப்பாகும், விரிய முன்னம் எடுக்க வேணும். டொலார் தெ ஸோர்மோ, பியர்ஃபொன் பக்கம் வீட்டு முற்றங்களில் இந்த மரம் நிறைய. தனியாக நிற்கிற ஒற்றை மரத்தில் எடுக்காதீர்கள், தன் மகரந்தமே தனக்கு விழுந்து விதை பெரும்பாலும் பதராக இருக்கும். மூன்று நாலு மரம் சேர்ந்து நிற்கிற இடத்தில், வீட்டுக்காரரைக் கேட்டு எடுங்கோ. பேப்பரில் பரப்பிக் காயவிட்டால் விரிந்து விதை கொட்டும். ஒரு நாள் தண்ணியில் ஊறவைத்து, ஈரத் துணியில் சுற்றி, பிறிஜ்ஜில் மூன்று நாலு கிழமை. குளிர்காலம் போய்விட்டது என்று விதையை நம்பவைக்கிற வேலை அது. பிறகு பெரியதை ஒரு சாடியிலும் சின்னதை இன்னொரு சாடியிலும் போட்டு, இரண்டு மூன்று மில்லிமீற்றர் மணல் தூவுங்கோ. மூன்று கிழமைக்குள் தொப்பியோடு தலை நீட்டும். பிள்ளை அளவுகோலால் அளந்து கொப்பியில் எழுதட்டும், அடுத்த ஆண்டும் எழுதட்டும். தண்ணி கூட ஊற்றினால் தண்டு அடியில் அழுகிச் சாயும், அதுதான் பொதுவாக நடக்கிற சாவு. முதல் பனி விழமுன்னம் சாடியைக் கழுத்துவரை நிலத்தில் புதைத்து விடுங்கோ. பல்கனியில் வைத்தால் வேர் உறைந்து போகும்.